வெந்நீர் பிரஷர் வாஷர்: எந்த பர்னர் சரிப்படும்?

வெந்நீர் பிரஷர் வாஷர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை பார் பிரஷர்?" என்பதைத்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). பம்ப்பைப் பற்றி அரை மணி நேரம் விசாரிப்பார்கள். தண்ணீரைச் சூடாக்கும் பர்னர் என்று வந்தால் "டீசல்தானே?" என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துவிடும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை இளக்குவது சூடு. பிரஷர் அதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். எரிபொருள் செலவு வைப்பதும், நடுவேலையில் மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் பர்னர் பக்கம்தான்.

மெஷினுக்குள் நடப்பது எளிது. பம்ப் குளிர்ந்த தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. அது சுருள் சுருளான இரும்புக் குழாய் வழியாக, அதாவது காயில் வழியாக, ஓடுகிறது. காயிலின் நடுவே பர்னர் எரிகிறது. சூடேறிய தண்ணீர் ஹோஸுக்கும், அதன் முனையில் தண்ணீரைப் பீய்ச்சும் கன்னுக்கும் போகிறது. பம்ப்பைத் தொடுவது பச்சைத் தண்ணீர் மட்டுமே.

பர்னர் வகை என்பதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. எதை எரிக்கிறது என்பது ஒன்று. அதன் விசிறியும் தீப்பொறியும் எந்த மின்சாரத்தில் ஓடுகின்றன என்பது இன்னொன்று. புதியவர்கள் முதலாவதைத்தான் யோசிக்கிறார்கள், மாட்டிக்கொள்வது இரண்டாவதில். அதனால் அதைப் பின்னால் தனியாக விரிவாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

எரிபொருள் விலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். மெஷின் நிற்கப்போகும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நான்கு சுவருக்குள், புகைபோக்கி வைக்க வழியில்லாத இடம் என்றால் டீசல், கேஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. இங்கே மின்சார ஹீட்டர் உள்ள மெஷின்தான் பொருந்தும். இல்லையென்றால் டீசல் மெஷினை வெளியே, திறந்த வெளியில் நிறுத்தி, நீளமான வெந்நீர் ஹோஸை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. புகை சன்னல் வழியாகவோ காற்றுக் குழாய் வழியாகவோ உள்ளே திரும்பாதபடி மட்டும் நிறுத்த வேண்டும்.

வண்டியில் ஏற்றி இடம் இடமாகப் போகிற வேலை என்றால் ஏறக்குறைய எப்போதும் டீசல்தான். ஒரே இடத்தில் நிரந்தரமாக நிற்கும், கேஸ் லைன் ஏற்கெனவே வந்திருக்கிறது, புகைபோக்கியும் வைக்கலாம் என்றால் கேஸை யோசிக்கலாம்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அதை எத்தனை டிகிரி செல்சியஸ் ஏற்ற வேண்டும் என்ற இரண்டையும் பெருக்கி, அதை 0.07 ஆல் பெருக்குங்கள். கிடைப்பது தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம், கிலோவாட்டில். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 15 லிட்டர் மெஷின். உள்ளே வரும் தண்ணீர் 25 டிகிரி, வெளியே 75 டிகிரி வேண்டும். ஏற்ற வேண்டியது 50 டிகிரி. 15 × 50 × 0.07 = 52.5 கிலோவாட். குளிர்காலத்தில் உள்ளே வரும் தண்ணீர் 5 டிகிரிக்கு இறங்கினால் அதே வேலைக்கு 73.5 கிலோவாட். கோடையில் வாங்கிய மெஷின் குளிரில் 'சூடு பத்தவில்லை' என்று தோன்ற இதுதான் காரணம். மெஷின் கெட்டுப்போகவில்லை.

விற்பவர்கள் காட்டும் எண்ணிலும் கவனம் வேண்டும். "95 டிகிரி வரை" என்று எழுதியிருந்தால் எத்தனை லிட்டர் ஓட்டத்தில், எத்தனை டிகிரித் தண்ணீரிலிருந்து என்று கேளுங்கள். ஓட்டத்தைக் குறைத்தால் எந்த பர்னரும் அதிகச் சூடு காட்டும்.

உண்மையில் எவ்வளவு சூடு தேவை? எண்ணெய், கிரீஸ், கொழுப்புக்குப் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி போதும். வெறும் மண்ணுக்கும் சேற்றுக்கும் பச்சைத் தண்ணீரே போதும், எரிபொருளை வீணாக்க வேண்டாம். இரத்தம், முட்டை, பால் போன்ற புரதக் கறை இருந்தால் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான். சுடுதண்ணீர் பட்டால் அது இறுகி ஒட்டிக்கொள்ளும். தேவைக்கு மேல் சூடு கேட்டு பெரிய பர்னர் வாங்குவது வழக்கமான வீண்செலவு. கன்னிலிருந்து தெறித்துப் போகும்போதே தண்ணீர் வேகமாக ஆறுகிறது. பத்து டிகிரி கூட்டுவதைவிட ஒரு அடி நெருங்கி நிற்பது பலன் தரும்.

மின்சார ஹீட்டர்: எங்கே சரி, எங்கே சரியில்லை

மேலே போட்ட 52.5 கிலோவாட்டை மின்சாரத்தில் தர வேண்டுமானால் 400 வோல்ட் த்ரீ பேஸில் ஏறக்குறைய 76 ஆம்பியர் வேண்டும். சாதாரண பிளக் பாயிண்ட் ஒன்றில் சுமார் 3 கிலோவாட்தான் எடுக்கலாம். அதை வைத்து 50 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது. சுவரில் செருகினால் போதும், கொதிநீர் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதற்காகத்தான் சில மெஷின்களில் தொட்டி வைத்து முன்கூட்டியே தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுவர 9 கிலோவாட் ஹீட்டருக்கு சுமார் 40 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் பிடித்தால் பத்து நிமிடத்தில் சூடு தீர்ந்துவிடும். கொஞ்சம் கழுவி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கழுவுகிற வேலைக்கு இது போதும். உணவு தயாரிக்கும் இடம், மருத்துவமனை என்று புகையும் எண்ணெய் வாசனையும் வரவே கூடாத இடங்களில் இதுதான் நல்ல வழி. பராமரிப்பும் குறைவு. எலிமென்ட்டில் உப்புப் படிவதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து கேபிளும் பிரேக்கரும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள்.

கேஸ் பர்னர்

சுத்தமாக எரியும், கரி குறைவு, எண்ணெய்த் தொட்டி வேண்டாம். நிலையான கழுவுமிடத்துக்கு இயற்கை எரிவாயு லைன் இருந்தால் எனக்குப் பிடித்த தேர்வு இதுதான். மேலே சொன்ன உதாரணத்தில் காயிலின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் பர்னர் 62 கிலோவாட் அளவுக்கு எரிய வேண்டும். அதற்கு மணிக்கு ஏறக்குறைய 6 கன மீட்டர் இயற்கை எரிவாயு. வந்திருக்கும் குழாயும் மீட்டரும் அந்த அளவு தருமா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பக்கத்திலேயே வேறு அடுப்போ பாய்லரோ அதே லைனில் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

எல்பிஜி கதை வேறு. அதே வேலைக்கு மணிக்கு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். கேட்க அதிகமில்லை. ஆனால் சிலிண்டருக்குள் இருப்பது திரவம், அது ஆவியானால்தான் பர்னருக்குப் போகும். ஆவியாகத் தேவையான சூட்டை சிலிண்டரின் சுவர் வெளிக்காற்றிலிருந்து எடுக்கிறது. சிறிய சிலிண்டர் ஒன்று தொடர்ந்து மணிக்கு ஒரு கிலோ அளவில்தான் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் வெளியே பனி பூத்து, அழுத்தம் இறங்கி, சுடர் தளரும். உள்ளே இன்னும் பாதி கேஸ் இருக்கும்போதே "தீர்ந்துவிட்டது" என்று மாற்றிவிடுவார்கள். ஆக, பல சிலிண்டர்களைச் சேர்த்து இணைக்க வேண்டும், அல்லது பெரிய டாங்க் வேண்டும். குளிர்ப் பகுதி என்றால் இன்னொரு சிக்கல்: பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே, புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில். பியூட்டேன் அதிகம் கலந்த கேஸ் உறைகுளிரில் சரியாக வெளியே வராது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். வண்டி கழுவுமிடங்களில் பள்ளம் இல்லாமல் இருக்காது, அதனால் எங்கே நிறுத்துகிறோம் என்பதை நன்றாக யோசியுங்கள். இயற்கை எரிவாயு லேசானது, மேலே போகும். அதற்குக் கூரையோரம் காற்றுவழி வேண்டும்.

இன்னொன்று: ஒரு கேஸுக்கான பர்னரை அப்படியே இன்னொன்றுக்குப் போட முடியாது. ஒரே கன அளவில் புரோப்பேனில் உள்ள வெப்பம் இயற்கை எரிவாயுவைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஜெட்டும் ரெகுலேட்டரும் மாற்றி, உரிய ஆள் வந்து செட் செய்ய வேண்டும்.

விசிறி இல்லாத கேஸ் பர்னர், விசிறி வைத்தது என்று இரண்டு உண்டு. விசிறி இல்லாதது சத்தமில்லாதது, எளியது, ஆனால் காற்றடித்தால் சுடர் தடுமாறும். திறந்த கொட்டகை என்றால் விசிறி வைத்ததையே எடுங்கள்.

டீசல் பர்னர்

சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான். அதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. நம் உதாரண மெஷினுக்கு மணிக்கு 6 லிட்டர் சொச்சம். 20 லிட்டர் டாங்க் நிரப்பினால் மூன்று மணி நேரம் தொடர்ந்து எரியும். நடைமுறையில் கன்னை விட்டு விட்டுப் பிடிப்பதால் இன்னும் கூடுதலாகவே ஓடும். தீர்ந்தால் எங்கேயும் கிடைக்கும்.

உள்ளே ஒரே மோட்டாரின் தண்டில் விசிறியும் எண்ணெய் பம்ப்பும் இருக்கும். பம்ப் டீசலை 7 முதல் 10 பார் அழுத்தத்தில் ஒரு நுண்ணிய நாசில் வழியாகப் பனிபோல் தெளிக்கிறது. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட தீப்பொறி அதைப் பற்றவைக்கிறது. விசிறி காற்றைக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது எளிதில் புரியும்.

12 வோல்ட்டா, 230 வோல்ட்டா?

டீசல் என்று முடிவு செய்தவர்கள் இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

உங்கள் பம்ப் மின்மோட்டாரில் ஓடினால் பிரச்சினையே இல்லை. மின்சாரம் ஏற்கெனவே வந்திருக்கிறது, பர்னரும் அதிலேயே ஓடட்டும். நாட்டுக்கு நாடு 230 வோல்ட் அல்லது 120 வோல்ட், எது உண்டோ அது.

பம்ப் என்ஜினில் ஓடினால்தான் கேள்வி. இரண்டு வழி. என்ஜின் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பர்னர் ஓட்டலாம். அல்லது ஒரு ஜெனரேட்டர் வைத்து 230 வோல்ட் பர்னர் ஓட்டலாம்.

12 வோல்ட்டின் நல்ல பக்கம்: தனி ஜெனரேட்டர் தேவையில்லை, எடை குறைவு, ஈரத் தரையில் வேலை செய்யும்போது மின் அதிர்ச்சி பயமும் குறைவு (தீப்பொறிப் பக்கத்தைத் தவிர, அங்கே எப்போதும் பல ஆயிரம் வோல்ட்தான்). சிறிய டிரெய்லருக்கு என் சிபாரிசு இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. பர்னர் 150 முதல் 200 வாட் எடுத்தால் 12 வோல்ட்டில் அது 12 முதல் 17 ஆம்பியர். சில சிறிய என்ஜின்களில் உள்ள சார்ஜிங் காயில் வெறும் 3 ஆம்பியர் தரக்கூடியது. ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பேட்டரியை மெல்ல நிரப்பத்தான் அது. அதில் பர்னரை மாட்டினால் காலையில் நன்றாக எரியும், மதியம் பேட்டரி காலி. வாங்குமுன் என்ஜினின் சார்ஜிங் திறன் எத்தனை ஆம்பியர் என்று எழுத்தில் கேளுங்கள். பர்னர் எடுப்பதைவிட அது அதிகமாக இருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. வோல்ட் குறைந்தால் 12 வோல்ட் மோட்டார் மெதுவாகச் சுற்றும். விசிறி மெதுவானால் காற்று குறையும். ஆனால் எண்ணெய் அழுத்தத்தை ஒரு வால்வு அப்படியே பிடித்து வைத்திருக்கும், அதனால் டீசல் குறையாது. காற்று குறைவு, டீசல் அதே அளவு: விளைவு கரும்புகை. மெக்கானிக் வந்து காற்றுத் தகட்டைத் திறந்து விடுவார், கொஞ்ச நாள் சரியாகும். உண்மையான குற்றவாளியோ மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் இணைப்பு, அல்லது தளர்ந்த பேட்டரி. 12 வோல்ட் பர்னர் புகைந்தால் முதலில் பர்னர் எரியும்போதே அதன் முனையில் மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம்.

230 வோல்ட் பர்னரில் மோட்டார் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ், அதாவது அது நொடிக்கு எத்தனை முறை திசை மாறிச் சுழல்கிறது என்பது. அது நிலையாக இருந்தால் காற்றும் நிலையாக இருக்கும், சுடரும் நாள் முழுக்க ஒரே மாதிரி. பெரிய காயில், நாள் முழுக்க வேலை, எப்படியும் விளக்குக்கோ வாக்குவம் கிளீனருக்கோ ஜெனரேட்டர் வேண்டும் என்றால் இதுவே மேல். ஜெனரேட்டர் தேய்ந்து ஹெர்ட்ஸ் ஆடினால் மட்டும் பர்னரும் ஆடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த மெஷினை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் விசிறி வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின் இறக்குபவர்கள் பெயர்ப்பலகையில் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

எந்த எண்ணெய் ஊற்றலாம்?

மண்ணெண்ணெய் டீசலைவிடக் கொஞ்சம் சுத்தமாக எரியும், குளிரில் உறையாது. லிட்டருக்கு வெப்பம் சற்றுக் குறைவு. எண்ணெய் பம்ப்புக்கு உயவும் குறைவு. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஊற்றலாம். டீசலோ கடும் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். பயோடீசல் கலப்பு அதிகமானால் சில ரப்பர் சீல்கள் ஊறிப்போகும், கையேட்டில் உச்ச அளவு போட்டிருப்பார்கள்.

பெட்ரோல் ஒரு துளிகூடக் கூடாது. சூடான காயிலுக்குள் அது வெடிக்கும். டாங்க் மூடியில் எந்த எண்ணெய் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், முக்கியமாக என்ஜின் பெட்ரோலும் பர்னர் டீசலுமாக ஒரே டிரெய்லரில் இரண்டு டாங்க் இருந்தால். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றினால் மிச்சமாகுமே என்ற யோசனையும் வேண்டாம். அது கெட்டியானது. அதை எரிக்கத் தனி பர்னர் இருக்கிறது, அதில் எண்ணெயை முதலில் சூடாக்கி, அழுத்தக் காற்றால் உடைத்துத் தெளிப்பார்கள். சாதாரண பர்னர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய் நாசில் மாற்றும்போது மூன்று விவரமும் ஒத்துப்போக வேண்டும்: மணிக்கு எத்தனை கேலன், தெளிப்புக் கோணம், தெளிப்பின் வடிவம். நாசில்மேல் போட்டிருக்கும் கேலன் அமெரிக்கக் கேலன், அதுவும் 7 பார் அழுத்தத்தில் அளந்தது. பம்ப் 10 பாரில் ஓடினால் அதே நாசில் ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம் விடும். சூடு போதவில்லை என்று பெரிய நாசில் போடுவதற்கு முன் காயிலில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் பெரும்பாலும் காரணம் அதுதான். பெரிய நாசில் போட்டால் கூடுதல் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும், கரியும் சேரும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்கள்

எந்த பர்னராக இருந்தாலும் தண்ணீர் ஓடினால் மட்டுமே எரிய விடும் ஃபுளோ சுவிட்ச் இருக்க வேண்டும். பிரஷர் சுவிட்ச் மட்டும் போதும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கன்னை மூடிய பிறகும் பர்னர் எரிந்தால் காயிலில் நிற்கும் தண்ணீர் நீராவியாகிவிடும். சூடு எல்லை மீறினால் நிறுத்தும் தெர்மோஸ்டாட் தனியாக, அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு தனியாக. சுடரைக் கவனித்து, அது அணைந்தால் எரிபொருளை நிறுத்தும் 'கண்' (சென்சார்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத மலிவு மெஷினில் பற்றாத டீசல் உள்ளே தேங்கும், அடுத்த தீப்பொறியில் எல்லாம் சேர்ந்து 'டப்' என்று பிடிக்கும். ஹோஸும் கன்னும் வெந்நீருக்கானவையா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதல் முறை பற்றவைக்கும்போது

முதலில் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் கன்னில் சீராக வரும்வரை காத்திருங்கள். அப்புறம் பர்னரைப் போடுங்கள். முதல் சில நிமிடம் அடியில் தண்ணீர் சொட்டும். காயில் ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த காயிலில் பட்டுச் சொட்டுகிறது, சூடேறியதும் நின்றுவிடும். நிற்கவே இல்லை என்றால், அல்லது பர்னர் அணைத்த பிறகும் சொட்டினால், அது ஒழுகல்.

புகைபோக்கியைப் பாருங்கள். சூடேறிய பிறகு கண்ணுக்குப் புகையே தெரியக் கூடாது. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் ஆவியாக வருகிறது: காற்று அதிகமாக இருக்கலாம், தீப்பொறி சரியாக விழாமலும் இருக்கலாம். பற்றாவிட்டால் திரும்பத் திரும்ப சுவிட்சைத் தட்டாதீர்கள். எண்ணெய் வரத்தை மூடி, விசிறியை மட்டும் ஓடவிட்டு உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு, காரணத்தைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் பர்னரை அணைத்து, கன்னில் வரும் தண்ணீர் குளிரும்வரை சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பம்ப்பை நிறுத்துங்கள். சூடான தண்ணீர் ஓடாமல் உள்ளேயே நின்றால் காயிலில் உப்புப் படிவது கூடும்.